சீரகம் போட்ட ரோஜா: நீஷ் செண்ட் உலகத்துக்குள் நுழைய ஒரு வழி

ரோஜா வாசனையே பிடிக்காது என்று சொல்பவர்களுக்காகத்தான் முதலில் இதை எழுதுகிறேன். நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ரோஜா என்றால் என்ன வாசம்? கல்யாண வாசலில் தெளிக்கும் பன்னீர், பண்டோங் பானத்தில் ஊற்றும் சிவப்பு சிரப், சாமி அறையில் எரியும் ஊதுபத்தி, பாட்டி முகத்துக்குப் போட்டுக்கொண்ட பவுடர். எல்லாம் இனிப்பு, எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. அதனால் யாராவது ரோஜா செண்டை நீட்டினால், "இது வயசானவங்க போடறது" என்று கையை இழுத்துக்கொள்கிறோம். ஆனால் நீஷ் பெர்ஃபியூம் பக்கம் எட்டிப் பார்க்க ரோஜாவைவிட நல்ல வாசல் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஐரிஸ் என்ற பூச்செடியின் வேர் எப்படி மணக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியாது, அதனால் ஐரிஸை வைத்து ஒருவர் எவ்வளவு பெரிய வித்தை காட்டினாலும் அது வித்தை என்றே நமக்குப் புரியப்போவதில்லை. ரோஜா அப்படியில்லை, சின்ன வயதிலிருந்து மூக்குக்குப் பழக்கம். பழகிய ஒன்றை ஒருவர் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் அந்த நொடியே தெரிந்துவிடும்.

நீஷ் என்பது என்ன என்று முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பேரங்காடியின் வாசனைப் பிரிவில் கிடைக்கும் பெரும்பாலான செண்ட், எத்தனை பேருக்குப் பிடிக்கும் என்று ஆள் வைத்துச் சோதித்துப் பார்த்து வெளியிடப்படுவது. நீஷ் வீடுகள், அதாவது அந்த வகைச் செண்ட் நிறுவனங்கள், அந்தக் கணக்கைப் பார்க்காமல், பத்துப் பேரில் இரண்டு பேருக்குப் பிடித்தால் போதும் என்று ஆரம்பித்தவை. பாரிசில் டிப்டிக் 1968இல் முதல் வாசனையை வெளியிட்டது, லார்டிசான் பர்ஃப்யூமர் 1976இல் வந்தது, ஃப்ரெடெரிக் மால் 2000இல் வந்து செண்டை உருவாக்கியவரின் பெயரைப் பாட்டிலின் மேலேயே அச்சிட்டார், லெ லாபோ 2006இல் நியூயார்க்கில் கடை திறந்தது. இவற்றில் கடைசி இரண்டையும் 2014இல் எஸ்டி லாடர் என்ற பெரிய நிறுவனம் வாங்கிவிட்டது, அதனால் நீஷ் என்றால் "சின்ன கம்பெனி" என்ற அர்த்தம் இப்போது பாதிதான் பொருந்தும். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. யார் முதலாளி என்பதைவிடப் பாட்டிலுக்குள் துணிச்சல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, வேலையை ஆரம்பிக்கலாம். எதையும் வாங்குவதற்கு முன்னால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ரோஜாவை ஒழுங்காக முகர்ந்து பாருங்கள். பன்னீர் பாட்டில், சிரப் பாட்டில், கோயில் வாசல் பூக்கடையில் ஒரு ரோஜா, ஒரு ஊதுபத்தி (கொளுத்தாமல்). வரிசையாக மேசையில் வைத்து ஒவ்வொன்றாக முகர்ந்து, மனதில் வந்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு விஷயம் உடனே கண்ணில் படும்: கேமரன் மலையிலிருந்து வரும் பூங்கொத்து ரோஜாவில் வாசம் மிகக் குறைவு. வெட்டுப்பூவாக விற்கும் வகைகளை அழகுக்காகவும் வாடாமல் இருப்பதற்காகவும்தான் வளர்க்கிறார்கள், அந்தப் போக்கில் வாசம் கழன்றுபோய்விட்டது. ஆக, நாம் "ரோஜா வாசம்" என்று நினைத்துக்கொண்டிருப்பது பூவிலிருந்து வந்ததைவிடப் பன்னீரிலிருந்தும் சிரப்பிலிருந்தும் வந்ததுதான் அதிகம்.

அந்தப் பன்னீர் வாசத்துக்கு முக்கியக் காரணம் ஃபினைல் எத்தில் ஆல்கஹால் என்ற ஒரே ஒரு பொருள். அது தண்ணீரில் கரையும், அதனால் ரோஜாவை ஆவியில் வடிக்கும்போது தண்ணீரோடு போய்ப் பன்னீரில் தங்கிவிடுகிறது. எண்ணெயில் சிட்ரோனெலால், ஜெரானியால் போன்றவை மிஞ்சுகின்றன. அதோடு டமாஸ்கினோன் என்று ஒன்று இருக்கிறது, மொத்த எண்ணெயில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனால் பழ ஜாம் மாதிரி, வைன் மாதிரி ஆழமாக மணப்பது அதனால்தான். நல்ல ரோஜா எண்ணெயை முதல்முறை முகர்பவர்கள் ரோஜாவில் மிளகும் தேனும் காய்ந்த புல்லும் பழமும் எங்கிருந்து வந்தன என்று திகைப்பார்கள். எல்லாம் அதற்குள்ளேயே இருப்பவைதான். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ இதழ் வேண்டும். பல்கேரியாவின் கசன்லாக்கிலும் துருக்கியின் இஸ்பார்த்தாவிலும் வெயில் ஏறுவதற்குள் பூப்பறித்து முடித்துவிடுவார்கள், ஏறிவிட்டால் எண்ணெய் காற்றோடு போய்விடும். விடியுமுன்னே பால்மரம் (ரப்பர்) வெட்டப் போனவர்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை, வெயில் வந்தபின் பால் இறங்காத மாதிரிதான் இதுவும்.

வழக்கமில்லாத ரோஜா செண்ட் என்று நான் சொல்வது, பூவுக்குள் இருக்கும் இந்த மற்ற முகங்களில் ஒன்றைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்துவதை. முதலில் முகர வேண்டியது எது என்று கேட்டால் தயங்காமல் லெ லாபோவின் ரோஸ் 31 என்பேன். 2006இல் டாஃப்னே புஜே என்ற பெண்மணி வடித்தது. பெயரில் இருக்கும் எண், உள்ளே எத்தனை பொருள் என்பதைக் குறிக்கிறது. ரோஜாவோடு சீரகம், சிடார் மரம், வெட்டிவேர், குந்திரிக்கம். ஆமாம், சீரகமேதான். மேல்நாட்டில் இதை முகர்பவர்கள் பலர் "வியர்வை வாசம்" என்று எழுதுகிறார்கள், அதுவும் பொய்யில்லை, சீரகத்துக்கு உடம்புச் சூட்டை ஞாபகப்படுத்தும் ஒரு குணம் உண்டு, பெர்ஃபியூமர்கள் அதற்காகவே துளித் துளியாகச் சேர்க்கிறார்கள். ஆனால் நம் மூக்குக்கு வேறு வழி தெரியும். என் மணிக்கட்டில் இருந்ததை அத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னடா, ரசம் தாளிச்சியா?" என்றார். ஒரு மணி நேரம் கழித்து அவரே மறுபடி கையைப் பிடித்து முகர்ந்து, "இப்ப நல்லா இருக்குதே, என்ன பூ இது?" என்று கேட்டார். அந்த ஒரு மணி நேரத்துக்குள் நடந்ததுதான் இந்தச் செண்டின் கதை முழுவதும்: முதலில் மசாலா டப்பா, பிறகு டப்பாவுக்குள் யாரோ ரோஜா இதழைப் போட்டு மூடியது போன்ற ஒரு மணம், கடைசியில் பூ போய் மரமும் புகையும் மட்டும். ஆண் போட்டாலும் பெண் போட்டாலும் உறுத்தாது.

இனி, எப்படிச் சோதிப்பது. இந்த ஊர்ச் சூட்டில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் முறை குளிர்நாட்டுக்கு எழுதியது. குளித்துவிட்டு, தேங்காய் எண்ணெயோ பவுடரோ தடவாத மணிக்கட்டில், ஒரே ஒரு தெளிப்பு. தேய்க்காதீர்கள், அப்படியே காயட்டும். இன்னொரு தெளிப்பு ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையில். தோலில் இருப்பதும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்காது, காகிதம் மெதுவாகவே மாறும், அதை வைத்துத் தோலில் நடப்பதைப் பின்தொடரலாம். முதல் ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அப்போது வருவதில் பாதி ஆல்கஹால். அரை மணியில் ஒரு தடவை, மூன்று மணி கழித்து ஒரு தடவை, இரவு படுக்கும்போது ஒரு தடவை முகருங்கள். மதியம் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று டிகிரியில் வெளியே நடந்தால் எந்தச் செண்டும் கத்த ஆரம்பிக்கும், அதனால் முதல் சோதனையைச் சாயங்காலம் மழை விட்டபிறகு வையுங்கள், இரண்டாவதை வேண்டுமானால் மதியத்தில். அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரத்தில் சீரகச் செண்டை முகர்ந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. செம்பனை ஆலையின் வாடை ஊர்மேல் இறங்கும் நாளிலும் விட்டுவிடுங்கள்.

கடையில் காப்பிக்கொட்டை டப்பாவை நீட்டி "மூக்கைச் சுத்தம் பண்ணிக்குங்க" என்பார்கள். அது காப்பி வாசனையை இன்னொன்றாகச் சேர்ப்பதைத் தவிர பெரிதாக எதுவும் செய்யாது. வெளியே போய்க் காற்று வாங்குங்கள், இல்லை உங்கள் சட்டைக் கையையே முகருங்கள், அது போதும். ஒரு நாளைக்கு இரண்டு செண்டுக்கு மேல் தோலில் வேண்டாம். இன்னொன்று: பத்து நிமிடத்தில் மணமே இல்லை என்று தோன்றினால் செண்டைத் திட்டுவதற்கு முன்னால் வீட்டில் யாரையாவது முகரச் சொல்லுங்கள். சில கஸ்தூரி வகை ரசாயனங்களைப் பலருடைய மூக்கு அறவே கண்டுபிடிப்பதில்லை, சில மர வாசனைகள் வந்து வந்து போகும். உங்களுக்குக் கேட்காதது பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாகக் கேட்கலாம்.

எழுதும்போது தயவுசெய்து நெட்டில் இருக்கும் மணப் பட்டியலை முதலில் படிக்காதீர்கள். படித்துவிட்டால் அதில் இருப்பதுதான் மூக்கில் ஏறும். உங்கள் சொல்லில் எழுதுங்கள். "மழை பெய்த மண்", "ஈர விறகு", "பூஜை முடிந்த அறை", "புதுச் செருப்பு", "ஒட்டுப்பால் மூட்டை" எது தோன்றினாலும் எழுதுங்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு பலம் இருக்கிறது என்று உண்மையாகவே நினைக்கிறேன்: புளித்த ரப்பர் பாலையும் சாம்பிராணியையும் மல்லிகையையும் ஒரே நாளில் முகர்ந்த மூக்கு எதற்கும் சட்டென்று முகம் சுளிக்காது, கொஞ்சம் அழுக்கான வாசத்தையும் பொறுமையாகக் கேட்கும். நீஷ் செண்டுக்கு அந்தப் பொறுமைதான் வேண்டும்.

ரோஸ் 31இல் உங்களுக்குப் பிடித்தது எது என்று நோட்டைப் பார்த்தால் அடுத்து எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். மண்ணும் வேரும் பிடித்திருந்தால் ஃப்ரெடெரிக் மாலின் ஊன் ரோஸ், 2003இல் எடுவார் ஃப்ளெஷியே வடித்தது, பூவை வேரோடு பிடுங்கி மண்ணைத் தட்டாமல் கையில் கொடுத்தது போல இருக்கும், கூடவே வைன் பீப்பாயின் அடியில் தங்கியதைப் போன்ற ஒரு கனம். புகை பிடித்திருந்தால் அதே வீட்டின் போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி, 2010, தொமினிக் ரொப்பியோன். துருக்கி ரோஜாவும் பச்சோலி இலையும் சாம்பிராணியும் குந்திரிக்கமும் கூட்டமாக வரும், நம் சாமி அறையின் மொழி அதில் நிறைய இருப்பதால் நம்மவர்களுக்குச் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கனமானது, மதியம் அடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறாதீர்கள். இதெல்லாம் வேண்டாம், வெயிலுக்கு ஏற்ற மாதிரி பச்சையாக ஏதாவது என்றால் டிப்டிக்கின் லோம்ப்ர தான் லோ, 1983, ரோஜாவும் பிளாக்கரண்ட் என்ற சிறுபழச் செடியின் கசக்கிய இலையும். இலையைக் கிள்ளிய விரலை முகர்ந்த மாதிரி கசப்பாக ஆரம்பிக்கும், பண்டோங் நினைப்பே வராது. எனக்கு இந்த ஊர்ப் பகலில் போட்டுக்கொள்ள இதுதான் பிடிக்கும்.

மரம் பிடித்தவர்களுக்கு ரோஜாவும் ஊத் வாசனையும் சேர்ந்த ஜோடி காத்திருக்கிறது, அரபு நாடுகளில் அது நெடுங்காலப் பழக்கம். ஊத் என்பது நாம் அகில் என்றும் இங்கே மலாய்க்காரர்கள் கஹாரு என்றும் சொல்லும் மரத்தின் பிசின். மரம் காயப்பட்டுப் பூஞ்சணம் பிடித்தபிறகே அது ஊறும். அந்த மரவகை ஒன்றின் அறிவியல் பெயரிலேயே மலாக்கா இருக்கிறது, அக்விலேரியா மலாக்சென்சிஸ். ஈப்போ தாண்டிக் கோப்பெங்கில் கஹாரு மரத் தோட்டம் ஒன்றைச் சுற்றிப் பார்க்கலாம், ஊத் செண்டுக்குச் செலவழிப்பதற்குமுன் அங்கே போய் மரத்தை முகர்ந்துவிட்டு வாருங்கள். அதற்குப்பின் செண்டில் எது மரம், எது மருந்துக்கடை என்று பிரிக்க வரும்.

வாங்குவது பற்றி. இந்தப் பாட்டில்களில் பல ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும், முதலில் பாட்டில் வாங்கவே வாங்காதீர்கள். டிகேண்ட் என்று சொல்லி, அசல் பாட்டிலிலிருந்து சின்னக் குப்பியில் ஊற்றி 2 மில்லி, 5 மில்லியாக விற்பவர்கள் இருக்கிறார்கள். 2 மில்லியில் 20 தடவையாவது தெளிக்கலாம், ஒரு செண்டை அறிந்துகொள்ள அது தாராளம். விற்பவரிடம் அசல் பாட்டிலின் படமும் அடியில் இருக்கும் தொகுதி எண்ணும் கேளுங்கள், கொடுக்கத் தயங்கினால் விட்டுவிடுங்கள். பாட்டில் விலையை அளவால் வகுத்துப் பார்த்து, டிகேண்ட் அதைவிட மலிவாக வந்தால் அதைத் தொடவே வேண்டாம், ஊற்றி விற்கும் உழைப்புக்குக் காசு வாங்காத வியாபாரி கிடையாது. பிளாஸ்டிக்கைவிடக் கண்ணாடிக் குப்பி நல்லது. கோலாலம்பூருக்கு வேறு வேலையாகப் போகிறீர்கள் என்றால் பெரிய பேரங்காடிகளின் நீஷ் கவுண்டரில் நின்று முகருங்கள், "இன்னிக்கு வாங்கல, தோல்ல போட்டுப் பார்த்துட்டு யோசிக்கிறேன்" என்று நேராகச் சொல்லலாம், நல்ல கடைக்காரர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சிலர் ஒரு மாதிரிக் குப்பியும் தருவார்கள்.

குப்பி வந்தபிறகு காரில் வைக்காதீர்கள், குளியலறையிலும் வேண்டாம், சூடும் வெளிச்சமும் செண்டைச் சீக்கிரம் கெடுத்துவிடும். அலமாரியில் துணிக்கு நடுவே போதும். குப்பியில் பெயரும் வாங்கிய தேதியும் எழுதி ஒட்டிவிடுங்கள், நான்கைந்து சேர்ந்தபிறகு எது எதுவென்று மூக்கால் கண்டுபிடிப்பது கடினம். 2 மில்லி தீரும்போது இன்னும் வேண்டும் என்று இருந்தால் 5 மில்லி, அதுவும் தீர்ந்து தேடினால் அப்போது பாட்டிலைப் பற்றி யோசியுங்கள்.