கறையைத் தேய்த்து ஈறைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல்லைப் பற்றிப் பேச்செடுத்தால் கறையில்தான் ஆரம்பிப்பார்கள். காரணம் இருக்கிறது. இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய போர் தண்ணீரைக் குடித்துத்தான் ஒரு தலைமுறையே வளர்ந்தது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் முக்கியமாக இதற்காகத்தான். ஆனால் அதற்கு முன்பே முளைத்த பற்களின் பழுப்பு போகவா போகிறது? எல்லார் கண்ணும் அந்தப் பழுப்பின் மேலேயே இருப்பதால், அதற்கு ஒட்டினாற்போல ஈறு கெடுவது தெரியாமல் போகிறது. நடுவயதில் பல் ஆடி விழுவதற்குப் பெரும்பாலும் ஈறு நோய்தான் காரணம், கறை இல்லை.

முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது: கறை போகட்டும் என்று செங்கல் பொடி, அடுப்புக்கரி, சாம்பல், கல் உப்பு என்று கையில் கிடைத்ததை வைத்து அழுத்தித் தேய்ப்பது. புளோரைடு கறை பல்லின் மேல் ஒட்டிய அழுக்கு அல்ல. சின்ன வயதில், பல் தாடைக்குள் உருவாகும்போதே எனாமலுக்குள் பதிந்துவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் வராது. தேய்வது எனாமலும் ஈறும்தான். ஈறு விலகி வேர் வெளியே தெரியும், குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும். விலகிய ஈறு தானாகத் திரும்ப வளராது. கறை மனதை உறுத்தினால் பல் மருத்துவரிடம் அதற்குத் தனி வழிகள் உண்டு.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் மோசம். பல்லில் எது படிந்தாலும் ‘தண்ணிக் கறை’ என்று விட்டுவிடுவது. அதில் பல சமயம் பற்காரையும், அதாவது பல்லில் கெட்டியாகப் படிந்த பொருக்கும், இருக்கும். சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சொரசொரவென்று தட்டுப்பட்டால் அது காரை. எச்சில் சுரப்பியின் துளை அங்கே இருப்பதால் முதலில் அங்கேதான் சேரும். மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கமும் அப்படித்தான். புளோரைடு கறையோ சிரித்தால் தெரியும் பக்கத்தில், ஒரே காலத்தில் உருவான பற்களில் இடமும் வலமும் ஒத்தாற்போல இருக்கும். தடவினால் பெரும்பாலும் வழுவழுப்புதான். முற்றிய நிலையில் சின்னக் குழிகள் இருக்கலாம்.

சரியாகத் துலக்காத இடத்தில் கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு பிடிக்கிறதே, அதுபோல இந்தப் படலமும் சில நாட்களிலேயே கெட்டியாகிக் காரையாகிவிடும். ஆனால் இந்தச் சுண்ணாம்புச் சத்து குடிக்கிற தண்ணீரிலிருந்து வருவதில்லை, நம் எச்சிலிலிருந்தே வருகிறது. ஆகவே வீட்டில் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம் என்பவர்களும் தப்ப முடியாது.

துலக்கும்போது ரத்தம் வந்தால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ‘ரத்தம் வருது, ரெண்டு நாள் விரல்ல தேய்’ என்று பெரியவர்களும் சொல்வார்கள். ரத்தம் வருவது அந்த இடத்தில் படலம் தங்கிவிட்டது என்பதற்கான அடையாளம். மென்மையான நார் உள்ள பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சற்றுச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக, காலையும் படுக்கப் போகும் முன்பும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். வெறும் ஈறு வீக்கம் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் குறையும். குறையாவிட்டால் உள்ளே காரை இருக்கக்கூடும். அதை பிரஷ் எடுக்காது, வேப்பங்குச்சியும் எடுக்காது.

அப்போது தேவை பல் மருத்துவரிடம் க்ளீனிங். ‘க்ளீன் பண்ணினா பல்லு ஆடிடும்’ என்ற பேச்சால் எத்தனை பேர் பல்லை இழந்திருக்கிறார்களோ! காரை அடைத்திருந்த இடம் காலியாவதால் பல்லுக்கு நடுவில் சந்து தெரியும், சில நாள் கூச்சம் இருக்கும். பல்லைத் தாங்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்தால், காரை பிடித்து நிறுத்தியிருந்த பல்லின் ஆட்டமும் அப்போது தெரியவரும். ஆட்டத்துக்குக் காரணம் அந்த எலும்பு இழப்புதான். கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது, அதனால்தான் ஈறு வீக்கமாக இருக்கும்போதே போகச் சொல்கிறார்கள்.

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டால் வலி அடங்கும், சீழ் வற்றும். காரை அப்படியே இருக்கும், கொஞ்ச நாளில் மறுபடி வீங்கும். கிராம்பு எண்ணெயை ஈறில் தேய்த்தால் புண்ணாகலாம். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்பு ஏறும், அப்புறம் அதையும் தண்ணீர் மேல் பழி போடுவோம். டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும் போதும்.

மாம்பழக் காலம் வந்தால் கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னொரு பழக்கம்: பல்லிடுக்கில் சிக்கிய நாரை ஊக்காலும் ஈர்க்குச்சியாலும் குத்தி எடுப்பது. பல்லிடுக்கு பிரஷ் கடைகளில் கிடைக்கிறது, பல்லுக்கான நூலும் கிடைக்கிறது. ஒரே இடத்தில் அடிக்கடி சிக்குகிறது என்றால் அங்கே ஈறு இறங்கியிருக்கலாம், காட்டிவிடுங்கள்.

பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் ‘எனக்கு ரத்தமே வர்றதில்லை’ என்று நிம்மதியாக இருப்பார்கள். புகையிலை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் ரத்தம் வராது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டுதான் இருக்கும். புகையிலையை வாயில் அடக்குபவர்களுக்கு வைக்கிற இடத்தில் ஈறு விலகும். அங்கே ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

சர்க்கரை இருப்பவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், கெட்ட ஈறு சர்க்கரையையும் கட்டுப்பட விடாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அதில் வீட்டுக்கே சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வருகின்றன. அப்படி மாத்திரை கொண்டுவருபவரிடம் ஈறில் ரத்தம் வருவதையும் சொல்லுங்கள். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையில் சிலருக்கு ஈறு தடித்து வளரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தரமுடியும். கர்ப்பிணிகளுக்கு ஈறு வீங்குவது சகஜம். குழந்தை பிறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, நடு மூன்று மாதங்களில் க்ளீனிங் தாராளமாகச் செய்துகொள்ளலாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. போகும்போது சாப்பிடுகிற மாத்திரைகளையெல்லாம் கையோடு கொண்டுபோங்கள். முக்கியமாக, இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் உட்கார்ந்ததும் அதைச் சொல்லிவிட வேண்டும். பல் காட்டப் போகிறோம் என்று முதல் நாளே அதை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது.