'டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறதா? செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்கிறது, இன்ஜின் சுற்றவில்லை. உடனே செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நல்ல மோட்டாரை ஒருமுறை நான் கழற்றி மாற்றினேன்; பழுதோ பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் கேபிளில் இருந்தது. உங்களுக்கு அந்த வீண்செலவு வேண்டாம்.

முதலில் கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் அருகில் நெருப்பும் கூடாது.

படி 1: சத்தத்தையும் விளக்கையும் கவனியுங்கள்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். 'டக்டக்டக்' என்று விடாமல் அடித்து, விளக்கும் கூடவே துடித்தால் பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. சொலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காந்த சுவிட்ச்) இழுத்தவுடன் மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சுகிறது, வோல்டேஜ் சரிகிறது, சொலினாய்டு பிடியை விடுகிறது, வோல்டேஜ் ஏறியதும் மறுபடி இழுக்கிறது. அந்தத் துடிப்புதான் நமக்குக் கேட்கிறது.

ஒரே ஒரு 'டக்', விளக்கும் மங்கவில்லை என்றால் மோட்டாருக்குள் மின்சாரம் போய்ச் சேரவில்லை. கேபிள், சொலினாய்டின் செம்பு காண்டாக்ட், மோட்டாருக்குள் சுழலும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் மூன்றையும் சந்தேகிக்கலாம். சத்தம் ஃப்யூஸ் பெட்டியிலிருந்து வந்தால் அது வெறும் ரிலே, அதாவது சிறு மின் சுவிட்ச்.

படி 2: பேட்டரி

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வையுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ்; 12 வோல்ட் என்றால் ஏறக்குறைய காலி. சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், நெகட்டிவை முதலில் கழற்றி, கம்பி பிரஷால் ஈயம் பளபளக்கும்வரை தேயுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

படி 3: கேபிளில் விழும் வோல்டேஜ்

பலர் தவிர்க்கும் சோதனை இது. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். கேபிளின் ரெசிஸ்டன்ஸை மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். உள்ளே ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 'நன்றாக இருக்கிறது' என்றே காட்டும். ஆனால் 150 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் தொலைந்துவிடும்.

மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலேயே வையுங்கள், கிளாம்ப்பில் அல்ல. கறுப்பு முனையை மோட்டாரில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டில் வையுங்கள். இன்னொருவர் சாவியை இரண்டு விநாடி திருப்பிப் பிடிக்கட்டும். 0.5 வோல்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளில் கோளாறு. அடுத்து, சிவப்பை மோட்டாரின் உலோக உடலிலும் கறுப்பைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்து அதையே செய்யுங்கள். 0.3-க்கு மேல் போனால் எர்த் பாதையில் தடை. என் வண்டியில் அது 2 வோல்டைத் தாண்டியது. வெளியே பார்க்க எர்த் கேபிள் புதிதுபோல இருந்தது. போல்ட்டை எடுத்ததும் அடியில் செந்தூளாகத் துரு உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் இன்ஜின் சுற்றியது.

படி 4: தட்டிப் பாருங்கள்

இதுவரை எல்லாம் சரி என்றால், நீங்கள் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது இன்னொருவரை மோட்டாரின் உடலை மரப்பிடியால் இலேசாகத் தட்டச் சொல்லுங்கள். கிளம்பிவிட்டால் கார்பன் பிரஷ் அல்லது காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது. இதை நம்பி நெடுந்தூரம் போகாதீர்கள். மோட்டாரைக் கழற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. பல மோட்டார்களில் அந்தச் சிறு பாகங்களை மட்டும் மாற்றினால் போதும்.

தட்டியும் அசையாமல், விளக்கு மட்டும் பலமாக மங்கினால், சாவியை எடுத்துவிட்டு கிராங்க் புல்லியின் (இன்ஜினோடு சேர்ந்து சுற்றும், பெல்ட் ஓடும் சக்கரம்) நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். அசையவே இல்லை என்றால் பலம் கொடுக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். மெக்கானிக் பார்க்கும்வரை சாவியைத் தொட வேண்டாம்.