தியானத்தில் என்ன தெரிந்தது என்பதை விடுங்கள், எழுந்த பிறகு என்ன நடந்தது?

ஒரு நாள் காலையில் 40 நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மனம் அவ்வளவு அமைதியாக இருந்தது. எழுந்து வந்த ஐந்தாவது நிமிடம், மேசை மேல் வைத்திருந்த காகிதங்களை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று வீடே அதிரக் கத்தினேன். என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுவரை எதை வைத்து என் ஆன்மிக வளர்ச்சியை அளந்துகொண்டிருந்தேனோ அந்த அளவுகோலே தப்பு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எத்தனை நிமிடம் உட்கார்ந்தோம், என்ன அனுபவம் கிடைத்தது, எத்தனை முறை ஜெபித்தோம் என்பதெல்லாம் பயிற்சியின் கணக்கு. வளர்ச்சி நடந்ததா என்று பார்க்க வேண்டிய இடம் வேறு. கீதையின் 2-ஆம் அத்தியாயம் 54-ஆம் சுலோகத்தில், அறிவு நிலைபெற்றவனை எப்படி அடையாளம் காண்பது என்று அர்ஜுனன் கேட்கிறான், எப்படிக் கேட்கிறான் பாருங்கள்: அவன் எப்படிப் பேசுவான், எப்படி உட்காருவான், எப்படி நடப்பான்? அவனுக்குள் என்ன ஒளி தெரியும் என்று கேட்கவே இல்லை. பேச்சு, இருப்பு, நடப்பு, அவ்வளவுதான். நாமும் அங்கேயே தேடுவோம்.

முதலில் கோபத்தைப் பாருங்கள்

"எனக்கு இன்னும் கோபம் வருகிறதே, அப்படியானால் நான் வளரவே இல்லையா?" என்று நிறையப் பேர் மனம் நொந்துபோகிறார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். கோபம் வருகிறதா என்பதைவிட, வந்தது எவ்வளவு நேரம் தங்குகிறது, வந்ததை நீங்கள் எப்போது கவனிக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆரம்பத்தில் மறுநாள்தான் தெரியும், "நேற்று அப்படிப் பேசியிருக்க வேண்டாம்" என்று. கொஞ்ச காலம் கழித்து ஒரு மணி நேரத்தில் தெரியும். அப்புறம் வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒருவர் நின்று பார்ப்பதுபோல் இருக்கும். அதற்கும் பிறகுதான், சொல் வெளியே வருவதற்கு முன்பே நெஞ்சு படபடப்பதும் தாடை இறுகுவதும் தெரிய ஆரம்பிக்கும். அங்கே ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும், பேசலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கிற அளவுக்கு.

இதில் மூன்றாவது கட்டம்தான் மிகவும் வலிக்கும். கத்துவது தெரிகிறது, நிறுத்த முடியவில்லை. பலரும் இந்த இடத்தில்தான் "முன்பைவிட மோசமாகிவிட்டேன்" என்று பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். முன்பும் இதே அளவுக்குக் கத்தியிருப்பீர்கள், அப்போது பார்க்க ஆள் இல்லை. இப்போது இருக்கிறது. தயவுசெய்து அங்கே நிறுத்திவிடாதீர்கள்.

அதோடு, கோபத்தை யாரிடம் அடக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தை இந்தப் புள்ளியில்தான் தொடங்குகிறார்: சினம் எங்கே பலிக்குமோ அங்கே காப்பவன்தான் சினத்தைக் காத்தவன், பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன? மேலதிகாரி முன்னால் வாயை மூடிக்கொண்டிருப்பதை யாரும் பக்குவம் என்று சொல்ல மாட்டார்கள், வேலை போய்விடும் என்கிற பயமாகவும் இருக்கலாம். உங்களைத் திருப்பித் திட்ட முடியாதவர்களிடம் உங்கள் குரல் எப்படி இருக்கிறது? குழந்தை, ஒரே கேள்வியை நாலாவது முறை கேட்கும் வயதான பெற்றோர், உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர், வாடிக்கையாளர் சேவை எண்ணில் மறுமுனையில் பேசுகிறவர். இந்த வாரம் இவர்களில் ஒருவரிடம் மட்டும் உங்கள் குரலைக் கவனித்துப் பாருங்கள்.

கோபத்தை விட்டால் இன்னும் சில சின்ன அடையாளங்கள் உண்டு. மன்னிப்புக் கேட்கும்போது "ஆனால் நீயும்தான்" என்கிற வால் இல்லாமல் கேட்க முடிகிறது. கூட வேலை பார்ப்பவருக்குப் பாராட்டு கிடைக்கும்போது உள்ளே குத்துகிற அந்த முள் சீக்கிரம் மழுங்கிவிடுகிறது. ஒரு உதவி செய்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்க முடிகிறது, சொல்ல வேண்டும் என்ற அரிப்புகூட அவ்வளவாக இல்லை. இது சின்ன விஷயம் போலத் தெரியும், செய்து பார்த்தால்தான் தெரியும் எவ்வளவு கடினம் என்று. வாக்குவாதத்தில் பாதியில் "நீங்கள் சொல்வது சரி" என்று நிறுத்திக்கொள்ள முடிவதும் அப்படித்தான்.

வளர்ச்சி போலவே தெரிகிற வேறு சில

ஐந்தாம் நூற்றாண்டில் பௌத்தத் துறவி புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில் ஒரு அருமையான கருத்து இருக்கிறது. ஒவ்வொரு நற்குணத்துக்கும் தூரத்து எதிரி ஒன்று, பக்கத்து எதிரி ஒன்று. அன்புக்குத் தூரத்து எதிரி பகைமை, அது பார்த்தவுடனே தெரிந்துவிடும். பக்கத்து எதிரி பற்று; அன்பு மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வரும். சமநிலைக்குப் பக்கத்து எதிரி எது தெரியுமா? ஒன்றும் புரியாமல் எதையும் கண்டுகொள்ளாமல் இருக்கும் அலட்சியம். "இப்போதெல்லாம் எதுவும் என்னைப் பாதிப்பதில்லை" என்று சொல்லும்போது இந்த இரண்டில் எது என்று நம்மை நாமே கேட்க வேண்டியிருக்கிறது. நான் பயன்படுத்தும் சோதனை இதுதான்: பக்கத்தில் ஒருவர் அழும்போது எனக்குள் ஏதாவது அசைகிறதா? அவரோடு உட்கார முடிகிறதா, அல்லது "எல்லாம் கர்ம பலன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேனா? நகர்ந்துவிட்டால் அது சமநிலை இல்லை. வலியைத் தொடப் பயந்து கையை இழுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கனவுகள், ஒளிகள், அதிர்வுகள் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சித்திகளே சமாதிக்கு இடையூறு என்று பதஞ்சலி யோக சூத்திரத்தின் மூன்றாம் பாதம் சொல்லிவிட்டது. வந்தால் வரட்டும், போனால் போகட்டும். ஆனால் பயிற்சி செய்யாதவர்களைப் பார்த்து "பாவம், இவர்களுக்குப் புரியாது" என்று தோன்ற ஆரம்பித்தால் அங்கே உஷாராகிவிடுங்கள். அகந்தை பழைய சட்டையைக் கழற்றிவிட்டுக் காவியைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது.

எதுவுமே இனிக்காத காலம்

ஒரு கட்டத்தில் பிரார்த்தனை வறண்டுபோகும். முன்பு கண்ணீர் வந்த இடத்தில் கொட்டாவி வரும். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த கத்தோலிக்கத் துறவி சிலுவை அருளப்பர் இதைப் பற்றி ஆழமாக எழுதியிருக்கிறார். தன் துறவு சபையினராலேயே டொலேடோ நகரில் பல மாதம் இருட்டறையில் அடைக்கப்பட்டு, 1578-இல் தப்பி வந்தவர் அவர். இந்த வறட்சி வளர்ச்சியின் பகுதியா, வெறும் சோம்பலா என்று பிரித்தறிய அவர் அடையாளங்கள் தருகிறார். அதில் எனக்கு மிகவும் உதவியது ஒன்று: சோம்பலில் கிடப்பவருக்கு அக்கறையே இருக்காது. உண்மையான வறட்சியில் சுவை போயிருக்கும், ஏக்கம் போயிருக்காது. பின்வாங்கிவிட்டோமோ என்ற தவிப்பு இருந்துகொண்டே இருக்கும். அந்தத் தவிப்பு உங்களுக்கு இருக்கிறது என்றால் நேரத்தைக் குறைத்துக்கொண்டாவது தொடருங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எதிலும் நாட்டமில்லாமல் போவது எப்போதும் வைராக்கியம், அதாவது பற்றற்ற நிலை, ஆகிவிடாது. இரண்டு வாரமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில் மனம் கனத்துக் கிடக்கிறது, தூக்கமும் பசியும் குலைந்திருக்கின்றன, பிடித்த எதுவும் பிடிக்கவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள், அன்றே யாரிடமாவது சொல்லி மருத்துவரைப் பாருங்கள். மருந்து எடுத்துக்கொள்வது எந்த ஆன்மிகப் பாதைக்கும் குறைவு இல்லை.

சரி, எப்படிக் கவனிப்பது?

இரவில் பத்து நிமிடம் போதும். அன்றைய நாளைப் பின்னோக்கிப் பாருங்கள், ஆனால் தீர்ப்புச் சொல்ல உட்காராதீர்கள். 1521-இல் ஸ்பெயினின் பம்ப்லோனா நகரில் நடந்த சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிப் படுத்த படுக்கையாகக் கிடந்த லொயோலா இஞ்ஞாசியார் (பின்னாளில் இயேசு சபையை நிறுவியவர்) ஒன்றைக் கவனித்தார். வீரதீரக் கனவுகள் காணும்போது இனிக்கின்றன, முடிந்ததும் மனம் வறண்டுபோகிறது; புனிதர்களைப் போல வாழ்வதை நினைக்கும்போதும் இனிக்கிறது, நினைத்து முடித்த பிறகும் அந்த நிறைவு தங்குகிறது. பின்னால் அவர் கற்றுக்கொடுத்த தினசரி ஆய்வுக்கு வேர் இந்தக் கவனிப்பில் இருக்கிறது. நாமும் அதையே செய்யலாம்: இன்று செய்தவற்றில் எது முடிந்த பிறகும் உள்ளே நிறைவாக இருக்கிறது, எது கசப்பை விட்டுவிட்டுப் போனது?

ஒரு நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். "மனம் அமைதியாக இருந்தது" போன்றவற்றை எழுத வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். யாரிடம், என்ன நடந்தது, திரும்பிச் சமாதானமாக எவ்வளவு நேரம் ஆனது. தினமும் எடுத்துப் படித்துப் பார்க்காதீர்கள், விதையைத் தோண்டித் தோண்டிப் பார்க்கிற கதையாகிவிடும். மூன்று மாதம் கழித்து எடுத்து, ஒரே ஆள் ஒரே மாதிரி உங்களைச் சீண்டிய இரண்டு நாட்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறு வேறு சூழ்நிலைகளை ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. நல்ல தூக்கம் தூங்கிய நாளில் யார்தான் பொறுமைசாலி இல்லை?

அப்புறம், கூட வாழ்கிற ஒருவரிடம் கேளுங்கள். "நான் மாறிவிட்டேனா?" என்று கேட்டால் மனம் நோகாத பதில்தான் வரும். "போன மாதம் நான் உன்னிடம் எப்போது கடுமையாகப் பேசினேன்?" என்று கேளுங்கள். பதில் வரும்போது விளக்கம் கொடுக்காதீர்கள், ஒரு வரிகூட வேண்டாம். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடிந்தாலே பாதி விடை அங்கேயே தெரிந்துவிடும்.

காகிதங்களுக்காகக் கத்திய அந்த நாளுக்கு ஒன்றரை வருடம் கழித்து என் மகளிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "இப்பவும் கத்துறீங்கப்பா," என்றாள். "ஆனா இப்பல்லாம் அப்புறம் வந்து கதவைத் தட்டுறீங்க."