ரிவர்ஸ் கேமரா வேலை செய்யவில்லையா? நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்புற பார்க்கிங் சென்சார் கட்டாயமாக்கப்பட்டது. கேமராவுக்கு அந்த விதி இல்லாததால், பலரது காரில் இருப்பது பின்னர் கடையில் பொருத்திய கேமராதான். இவ்விளக்கம் அதற்கானது. கம்பெனியிலேயே பொருத்தி வந்த கேமராவுக்கு வாரண்டி மீதமிருந்தால் எதையும் கழற்ற வேண்டாம்.

முதலில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, எஞ்சினை இயக்காமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, ரிவர்ஸ் கியர் போடுங்கள். திரை கேமரா பக்கத்துக்கே மாறவில்லை என்றால், ஸ்டீரியோவின் பின்னால் ரிவர்ஸ் சமிக்ஞை தரும் மெல்லிய வயர் கழன்றிருக்கலாம். மாறிய பின் கறுப்பாகவோ நீலமாகவோ நின்றால், கேமராவுக்கு மின்சாரம் போகவில்லை அல்லது அங்கிருந்து படம் வரவில்லை. படம் மங்கல் மட்டும் என்றால் லென்ஸை ஈரத்துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போதும்.

அடுத்து, காரின் பின்னால் சென்று ரிவர்ஸ் விளக்கைப் பாருங்கள். கேமராவுக்கான மின்சாரத்தைப் பொதுவாக அந்த விளக்கின் வயரிலிருந்தே எடுத்திருப்பார்கள். இருபுறமும் எரியவில்லை என்றால் ஃபியூஸையும் கியர்பாக்ஸில் உள்ள ரிவர்ஸ் சுவிட்சையும் சந்தேகிக்க வேண்டும். கருகிய ஃபியூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர் ஃபியூஸையே போடுங்கள்.

விளக்கு எரிந்தும் படம் வராவிட்டால், என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம், டிக்கிக் கதவுக்கும் கூரைக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் வயர்கள் ஒரே இடத்தில் மடங்குகின்றன. என் காரில் கதவைத் தூக்கினால் படம் வரும், மூடினால் போய்விடும். குழாயை விலக்கி ஒவ்வொரு வயராக மெதுவாக இழுத்ததில், வெளியே கீறலே இல்லாத சிவப்பு வயர் மட்டும் ரப்பர் போல நீண்டது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. இப்படி அறுந்ததைச் சற்றே நீளமான வயர் சேர்த்துச் சால்டர் செய்து, சூடாக்கினால் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். வெறும் டேப் சுற்றினால் வெயிலில் பிரிந்துவிடும்.

அங்கும் பழுதில்லை என்றால், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கேமராவின் சிவப்பு, கறுப்பு வயர்களை அளவிடுங்கள். 12 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால், மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத பாடி இரும்பில் வைத்துப் பாருங்கள். அப்போது வந்தால் கோளாறு எர்த்தில், அதாவது கேமராவின் கறுப்பு வயர் பாடியோடு சேரும் இணைப்பில்தான். மின்சாரம் சரியாக இருந்தால், மஞ்சள் நிற வீடியோ பின்னைக் கழற்றித் துடைத்து மறுபடி அழுத்திச் செருகுங்கள்.

இதற்கும் படம் வராவிட்டால் கேமராவை மாற்றலாம். வாங்கும் முன், உங்கள் ஸ்டீரியோ ஏஎச்டி (கூடுதல் தெளிவான படம் தரும் அனலாக் வகை) கேமராவை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வகை பொருந்தாவிட்டால் புதிய கேமராவிலும் படம் வராது.