பனியன் கம்பெனிக் கணக்கு கிளவுடுக்குப் போகிறது: முதல் அடி எங்கே வைப்பது?

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் டேலி. இன்னொன்றில் ஆர்டர் ஷீட், டிசைன் ஃபைல், பையருக்கு அனுப்பிய சாம்பிள் போட்டோக்கள். பேக்கப் எங்கே என்று கேட்டால் அதே மேஜை டிராயரைத் திறந்து பென்டிரைவைக் காட்டுவார்கள். அந்த அறையில் தீப்பிடித்தால் எல்லாம் சேர்ந்தே போய்விடும்.

கிளவுட் என்பது இணையம் வழியாக நாம் வாடகைக்கு எடுக்கும் வேறொரு நிறுவனத்தின் சர்வர். கிளவுட் என்றதும் மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று நினைக்காதீர்கள். முதலில் ஒரு நகல் மட்டும் வெளியே போகட்டும்.

படி 1: கிளவுட் கணக்கை உங்கள் பெயரில் திறங்கள்

நான் பார்த்ததில் அதிகம் சிக்கல் வருவது இங்கேதான். கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் தம்பி தன் மெயிலையும் மொபைல் எண்ணையும் கொடுத்துக் கணக்கைத் தொடங்கிவிடுவார். அவர் வேறு வேலைக்குப் போன பிறகு ஓடிபி அவருக்கே போகும். முதலாளியால் தன் டேட்டாவையே தொட முடியாது. அதனால் கம்பெனி மெயிலும் முதலாளியின் எண்ணும்தான் இருக்க வேண்டும். மற்றவர்களுக்குத் தனித்தனி லாகின் கொடுங்கள். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, மொபைல் தொலைந்தாலும் உள்ளே நுழைய உதவும் ரெக்கவரி கோடுகளைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். ஜிஎஸ்டி எண்ணையும் அப்போதே பதிவு செய்யுங்கள். பில்லில் வரும் 18 சதவீத வரியை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம்.

படி 2: இந்திய ரீஜியனைத் தேர்ந்தெடுங்கள்

ரீஜியன் என்பது கிளவுட் நிறுவனத்தின் சர்வர்கள் இருக்கும் இடம். அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலும் புனேயிலும் ரீஜியன் உண்டு. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், கணினியில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் சேர வேண்டும் என்பது 2022 முதல் விதி. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 3: அப்லோடு வேகத்தைக் கணக்குப் போடுங்கள்

பிராட்பேண்ட் பில்லில் இருப்பது பெரும்பாலும் டவுன்லோடு வேகம். அப்லோடு 10 எம்பிபிஎஸ் என்றால் 100 ஜிபி ஏற 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சனிக்கிழமை ராத்திரி ஆரம்பியுங்கள். அடுத்த முறையிலிருந்து மாறியதை மட்டும் ஏற்றினால் போதும்.

படி 4: டேலியை நேரடியாக ஒத்திசைக்க வேண்டாம்

டேலி டேட்டா ஃபோல்டரையே கூகுள் டிரைவ் மாதிரி, மாற்றங்களைத் தானாகவே ஏற்றி இறக்கும் சிங்க் ஃபோல்டருக்குள் வைத்து, இரண்டு கம்ப்யூட்டரில் திறந்தால் டேட்டா கெட்டுப்போகலாம். டேலி பிரைமில் ஆல்ட், ஒய் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் மெனுவில் பேக்கப் இருக்கும். அப்படி எடுத்ததைத் தேதி போட்ட ஃபோல்டரில் ஏற்றுங்கள்.

படி 5: பில்

முதல் நாளே பட்ஜெட் அலர்ட் போடுங்கள். அது எச்சரிக்கும், அவ்வளவுதான். செலவைத் தானாக நிறுத்தாது. டேட்டாவை வைக்க ஆகும் செலவு குறைவு. மொத்தமாக வெளியே எடுக்கும்போதும் கட்டணம் வரும், அதை முன்கூட்டியே பாருங்கள்.

படி 6: திரும்ப எடுத்துப் பாருங்கள்

2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்ததால் சில வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். ஆகவே கிளவுடில் ஏற்றியாச்சு என்று பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். வாரம் ஒருமுறை அதிலும் ஒரு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள்.

அப்புறம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு லேப்டாப்பில் கிளவுடிலிருந்து பேக்கப்பை இறக்கி, காலியான புது ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்யுங்கள். பழைய ஃபோல்டரையே காட்டினால் இருக்கிற கணக்கின் மேல் எழுதிவிடும். பேக்கப் எடுத்த அன்றைய டிரையல் பேலன்ஸைப் பிரிண்ட் போட்டு வைத்திருந்தால், இதோடு வரிக்கு வரி ஒப்பிடலாம். ஆரம்பித்ததிலிருந்து தொகை சரியாக வரும்வரை எத்தனை மணி நேரம் ஆனது என்று அந்தத் தாளிலேயே குறித்துவையுங்கள். ஷிப்மென்ட் நாளில் கம்ப்யூட்டர் படுத்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அந்த எண்தான்.