செரீன் புரோட்டியேஸ் குடும்பம்: கைமோடிரிப்சினின் செயல்மையத்தை நாமே பார்ப்பது எப்படி?

கணையத்தில் உருவாகிச் சிறுகுடலில் புரதங்களை வெட்டும் டிரிப்சின், கைமோடிரிப்சின், எலாஸ்டேஸ் ஆகிய மூன்றும், செரீன் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு புரதத்தை வெட்டும் செரீன் புரோட்டியேஸ்கள்; ஒரே நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வெட்டும் முறை மூன்றுக்கும் ஒன்றே. எங்கே வெட்டுவது என்பதில்தான் வேறுபாடு. பாடநூல் படத்தை மனப்பாடம் செய்வதைவிட, முப்பரிமாண அமைப்பைத் திருப்பிப் பார்த்து இதைப் புரிந்துகொள்வது எளிது.

படி 1: ஆர்சிஎஸ்பி புரதத் தரவு வங்கியின் தளத்தில் 4சிஎச்ஏ (4CHA) என்ற குறியீட்டை ஆங்கில எழுத்துகளில் தேடி, முப்பரிமாணக் காட்சியைத் திறக்கவும். இது மாட்டின் கைமோடிரிப்சின். இரு பிரதிகள் தெரியும், ஒன்றே போதும்.

படி 2: செயல்மையத்தில், அதாவது வெட்டும் வேலை நடக்கும் இடத்தில், ஹிஸ்டிடின் 57, ஆஸ்பார்ட்டேட் 102, செரீன் 195 ஆகிய அமினோ அமிலங்களைக் கண்டுபிடிக்கவும் (எண் என்பது வரிசையில் அதன் இடம்). புதியவர்கள் திணறுவது இங்கேதான். 245 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலியாக உருவாகும் இந்நொதி, செயல்படத் தொடங்கும்போது வெட்டப்பட்டு, டைசல்பைடு (கந்தக அணுக்களுக்கிடையிலான) பிணைப்புகளால் இணைந்த ஏ, பி, சி என்ற மூன்று சங்கிலிகளாகிறது. ஆகவே முதல் இரண்டும் பி சங்கிலியிலும், செரீன் சி சங்கிலியிலும் இருக்கும். சி சங்கிலி 149இல் தொடங்குவதால், செரீன் 195க்கு 47 என்ற எண்ணையும் திரை காட்டக்கூடும், குழம்ப வேண்டாம்.

படி 3: செரீனைச் சொடுக்கி நெருங்கிப் பார்க்கவும். வரிசையில் தொலைவில் உள்ள மூன்றும் மடிப்பினால் அருகருகே வந்திருக்கும். ஹிஸ்டிடின் செரீனிடமிருந்து புரோட்டானை வாங்கிக்கொள்ள, செரீனின் ஆக்சிஜன், புரதத்தின் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பின் கார்பனைத் தாக்குகிறது. அப்போது ஹிஸ்டிடினில் தோன்றும் நேர்மின்சுமையை ஆஸ்பார்ட்டேட் நிலைப்படுத்துகிறது. புரதத்தின் ஒரு துண்டு விலக, மற்றொன்று செரீனுடன் ஒட்டியிருக்கும். நீர் மூலக்கூறு வந்து அதையும் விடுவித்த பின், நொதி பழைய நிலைக்குத் திரும்புகிறது.

படி 4: வெட்டப்படும் புரதத்தின் அமினோ அமிலம் நுழையும் குழி அருகில் இருக்கும்; அதன் அடியில் 189ஆம் இடத்தைப் பாருங்கள். இங்கே செரீன் இருப்பதால், ஃபீனைல் அலனின், டைரோசின், டிரிப்டோபேன் போன்ற பெரிய வளையங்கள் குழிக்குள் பொருந்துகின்றன. பிறகு 2பிடிஎன் (2PTN) என்ற டிரிப்சின் அமைப்பைத் திறந்தால், அதே இடத்தில் எதிர்மின்சுமையுள்ள ஆஸ்பார்ட்டேட் தெரியும். லைசினையும் ஆர்ஜினினையும் டிரிப்சின் தேடிப் பிடிப்பது இதனால்தான். எலாஸ்டேஸிலோ 216, 226ஆம் இடங்களில் உள்ள வேலினும் திரியோனினும் குழியின் வாயை அடைத்துவிடுவதால், அலனின் போன்ற சிறியவை மட்டுமே நுழையும்.

படி 5, விருப்பமிருந்தால்: பாக்டீரியாவின் சப்டிலிசின் என்ற நொதியிலும் ஆஸ்பார்ட்டேட், ஹிஸ்டிடின், செரீன் என்ற இதே மூன்றும் முறையே 32, 64, 221ஆம் இடங்களில் உண்டு; அதுவும் ஒரு செரீன் புரோட்டியேஸ்தான். ஆனால் மடிப்பு முற்றிலும் வேறு என்பதால், அதை டிரிப்சின், கைமோடிரிப்சின், எலாஸ்டேஸ் குடும்பத்தின் உறவாகக் கொள்வதில்லை.