கரண்ட் போனாலும் வழியாத சம்ப்: பவளத் தொட்டியைப் பெரிதாக்கும் முறை

இரண்டடிக் கடல்நீர்த் தொட்டியைக் கொஞ்சக் காலம் ஒழுங்காக ஓட்டியவருக்கு அடுத்து வருகிற ஆசை நாலடித் தொட்டி. கூடவே சம்ப்பும் வைக்கச் சொல்வார்கள். பெரிய தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் இருக்கும் இரண்டாவது தொட்டிதான் சம்ப். மேலே நிரம்பும் தண்ணீர் குழாய்வழி இறங்கி, அங்கே சுத்தமாகி, பம்பால் திரும்ப மேலே ஏறும்.

திருகோணமலையில் இதைக் கட்டுகிறவர் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நடுச்சாமத்தில் கரண்ட் போனால் தண்ணீர் தரையில் நிற்குமா? அளவு, குழாய், பம்ப் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

படி 1: கணக்கு

மேல் தொட்டி 120 × 45 × 45 செ.மீ. என்று வையுங்கள். அதில் 1 செ.மீ. உயரத் தண்ணீர் 5.4 லீற்றர். சம்ப் 75 × 35 × 40 செ.மீ. என்றால், அதில் 1 செ.மீ. உயரம் ஏறக்குறைய 2.6 லீற்றர்.

பம்ப் நின்றவுடன், தண்ணீரை மேலே ஏற்றிய அதே குழாய் சைபனாக மாறி, தன் வாய் காற்றைத் தொடும்வரை தொட்டியைக் கீழே இழுக்கும். வாய் நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே இருந்தால் சுமார் 11 லீற்றர் இறங்கும். மேல் தொட்டித் தண்ணீர் வழிந்து விழும் ஓவர்புளோ பெட்டியிலும் குழாய்களிலும் நிற்கிற 4 லீற்றரையும் சேர்த்தால் 15. சம்ப் 6 செ.மீ. கூட உயராது. அதே வாயை 8 செ.மீ. ஆழத்தில் வைத்தால் 47 லீற்றர் இறங்கும், சம்ப் 18 செ.மீ. உயரும். ஓடும்போது அதில் 22 செ.மீ. தண்ணீர் இருந்தால் விளிம்பு எட்டிவிட்டது. நுரையால் அழுக்கைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் பிடித்திருக்கும் இடத்தையும் சேர்த்தால் வழிவது நிச்சயம். ஆகவே வாயை மேலேயே வையுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளையும் போடுங்கள். பாசியும் நத்தையும் அதை அடைக்கும் என்பதால் அடிக்கடி குத்திவிட வேண்டும்.

ஒருவழி வால்வு போட்டால் போதும் என்பார்கள். உப்பும் குழாய்ப் புழுவும் அதன் மூடியைச் சரியாக மூட விடாது. நான் அதை நம்பமாட்டேன்.

படி 2: கண்ணாடியும் ஸ்டாண்டும்

மேல் தொட்டியின் தண்ணீர் மட்டுமே 200 கிலோவைத் தாண்டும். பொக்ஸ் பார் இரும்பில் ஸ்டாண்ட் அடித்து, உப்புக் காற்றுக்கு அன்டி-ரஸ்ட் பெயின்ற் இரண்டு கோட் கொடுங்கள். குழாய்க்கு ஓட்டை போடுவதைக் கண்ணாடிக்காரரிடமே விடுங்கள், தொட்டியை ஒட்டுவதற்கு முன். டெம்பர் கண்ணாடியில் ஓட்டை போட்டால் தூளாகிவிடும்.

சம்ப்புக்குள் மூன்று அறை. முதலாவதில் வடிகட்டிப் பையும் ஸ்கிம்மரும். நடுவில், இடமிருந்தால், சிறு விளக்கின் கீழே கீட்டோ பாசி. அது நைத்திரேற்றை உறிஞ்சும். கடைசியில் பம்ப். பம்ப் அறைக்கு முன் மூன்று கண்ணாடித் தகடுகளை 2.5 செ.மீ. இடைவெளியில், நடுத்தகட்டை அடியிலிருந்து தூக்கி ஒட்டினால் குமிழி மேலே போகாது. பூஞ்சைக்கு மருந்து கலந்த குளியலறை சிலிக்கன் வேண்டாம். ஒட்டியபின் ஒரு கிழமை காயட்டும்.

படி 3: குழாய்

இறங்குவதற்கு இரண்டு குழாய் வேண்டும். ஒன்றில் வால்வு, மற்றது வால்வே இல்லாமல், வாய் கொஞ்சம் உயரமாக. முதலாவது அடைத்தால் இரண்டாவது காப்பாற்றும். சும்மா இருக்கும் குழாய் என்று அதை விட்டுவிடாதீர்கள்.

ஹார்ட்வெயார் கடையில் கேட் வால்வு கேட்டால் பெரும்பாலும் பித்தளையைத்தான் எடுத்துத் தருவார்கள். பித்தளையில் செம்பு உண்டு. செம்பு இறாலையும் பவளத்தையும் கொல்லும். முழுக்கப் பி.வி.சி.யால் செய்த வால்வைக் கேட்டு வாங்குங்கள். பம்ப் பெட்டியில் எழுதியிருக்கும் லீற்றர் அளவு உயரம் ஏற்றாதபோது கிடைப்பது. மணிக்கு 1,200 லீற்றர் மேலே வர வேண்டுமென்றால் 2,500 அளவில் பாருங்கள். பிளக் எல்லாம் ட்ரிப் சுவிட்சுக்குள் இருக்கட்டும். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி ஏறினால் சொட்டும் தண்ணீர் உள்ளே போகாது.

படி 4: கரண்டை நீங்களே நிறுத்துங்கள்

நல்ல தண்ணீர் நிரப்பி ஒரு நாள் ஓட விட்டபின் மெயினை அணையுங்கள். சம்ப் மட்டம் ஏறி நிற்கும் வரை பக்கத்திலேயே இருங்கள். வழியவில்லையென்றால் திரும்பப் போட்டு, ஓடும்போதுள்ள மட்டத்தைப் பம்ப் அறையில் டேப் ஒட்டிக் குறியுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் இனி ஒருபோதும் ஊற்றக்கூடாது. கரண்ட் திரும்பி வரும்போது மட்டம் உயர்ந்திருப்பதால் ஸ்கிம்மர் கோப்பை நுரைத்து வழியலாம். அதன் கழிவுக் குழாயை ஒரு போத்தலுக்குள் விடுங்கள். நீண்ட நேரக் கரண்ட் வெட்டுக்குப் பற்றரி ஏர்பம்ப் ஒன்று மேல் தொட்டிக்கு வேண்டும்.

படி 5: தண்ணீர்

கடலே பக்கத்தில்தானே என்று உட்துறைமுகத்தில் அள்ளாதீர்கள். மாரியில் மகாவலி கொட்டும் கொட்டியாரக் குடாப் பக்கமும் உப்புக் குறைந்திருக்கும். மழையில்லாத நாளில், உப்புவெளிப் பக்கம், கழிமுகத்துக்கு விலகி எடுத்து, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்ரோமீற்றரில் 1.025 இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் லீற்றருக்கு 35 கிராம் அளவில் தொட்டி உப்பு கரைப்பதே நிம்மதி. கல்லையோ பவளத்தையோ கடலிலிருந்து எடுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், சட்டத்தில் மாட்டுவீர்கள். பக்கத்துப் பவளத் தீவான புறாமலையும் தேசியப் பூங்கா. இடம் நிரப்பச் செராமிக் கல் போதும்.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அல்ல. அதனால் குறைவதை நிரப்ப ஆர்.ஓ. தண்ணீர்தான், கடல்நீரும் வேண்டாம், சவர்க் கிணறும் வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பம்ப் அறை மட்டம் ஒரே நாளில் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். சம்ப்புக்கு மேல் சிறு மின்விசிறி வைத்தால் சூடு இரண்டு மூன்று பாகை குறையும், ஆனால் இன்னும் அதிகம் ஆவியாகும்.

படி 6: குடிமாற்றம்

பழைய கற்களைக் கடல்நீர் வாளியிலேயே மாற்றுங்கள். காயவிட்டால் பக்டீரியா சாகும். பழைய மணலை அப்படியே கொட்டாதீர்கள், அடியில் தேங்கிய அழுக்கு முழுவதும் கிளம்பும். முதல் கிழமை தினமும் அமோனியா பாருங்கள். ஏறினால் தண்ணீர் மாற்றி, தீனியைக் குறையுங்கள். புது விளக்கென்றால் பாதி வெளிச்சத்தில் தொடங்குங்கள். புது மீன் வாங்குவதை அமோனியா சுழியத்தில் நிலைக்கும் வரை தள்ளிப் போடுங்கள்.